பாட்டியின் கம்பரும் மாதாஜியின் துளசிதாசரும்

எங்கள் வீட்டில் இந்தித் தொடர்களை எல்லோரையும் விட ஆர்வமாகப் பார்த்தவர், இந்தியே தெரியாத என் பாட்டிதான். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. தில்லி ஆர்.கே. புரத்தில் இரண்டு அறை கொண்ட அரசுக் குடியிருப்பில் இருந்தோம். தாத்தா காலமான பிறகு கும்பகோணத்தை அடுத்த கிராமத்திலிருந்து பாட்டி எங்களோடு வந்து சேர்ந்தார். காய்கறி வண்டிக்காரரிடம் விரலைக் காட்டிப் பேரம் பேசுகிற அளவுக்கு மேல் அவர் இந்தி கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் இரவில் தொலைக்காட்சிப் பெட்டியின் மரக்கதவைத் தள்ளித் திறக்கும் சத்தம் கேட்டதும், கை ஈரத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு முதலில் வந்து உட்காருபவர் அவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குக் கதை சொல்கிற வேலை எனக்கு.

அந்த வேலை சுலபமானதல்ல. ஒரு வசனம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த காட்சி ஓடிவிடும். யாருக்கு யார் மேல் கோபம், எதை யாரிடமிருந்து மறைக்கிறார்கள், கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சாரத்தை மட்டும் பிடித்துச் சொல்லப் பழகிக்கொண்டேன். பாட்டியோ நான் சொல்லாததையெல்லாம் கேட்பார். “அந்தப் பெண் ஏன் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை?” என்பார். அதன் பிறகுதான் நானும் கவனிப்பேன். மொழி தெரியாததால் அவர் முகங்களைப் படித்தார். மொழி தெரிந்த நாங்கள் தவறவிட்டதையெல்லாம் அவர் பிடித்துவிடுவார்.

பழைய தொடர்களைப் பற்றி ஏங்கிப் பேசுகிற பலரும் முகப்பு இசையையும் நடிகர்களையும் பற்றியே பேசுகிறார்கள். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் இந்தச் சில ஆண்டுகளாக அதே தொடர்களை என் பெற்றோரோடும் கணவரோடும் பிள்ளைகளோடும் மறுபடி பார்த்துவருவதில் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. தொடர் இன்று இணையத்தில் கிடைத்துவிடும். அதைச் சுற்றி நடந்த பேச்சைத்தான் நாமே மறுபடி உண்டாக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அது எப்படி நடந்தது, இப்போது எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால், தங்கள் வீட்டில் முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் வந்தது ‘ஹம் லோக்’. 1984 ஜூலையில் தொடங்கி 1985 டிசம்பர் வரை ஓடியது. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதினார். குடிக்கிற அப்பா பஸேஸர் ராம், பொறுமையே உருவான பகவந்தி, பட்கி, மஜ்லி, சுட்கி என்று மூன்று பெண்கள், லல்லு, நன்ஹே என்று இரண்டு பையன்கள், தாத்தா, பாட்டி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்று நடந்ததைப் பற்றிப் பார்வையாளர்களோடு பேசுவார். பிற்பாடு அவர் தலைப்பை இந்தியாவின் வெவ்வேறு மொழிகளில் சொல்லி முடிக்கத் தொடங்கியபோது, இன்று தமிழ் வருமா என்று பாட்டி காத்திருப்பார். அந்தத் தொடரில் பாட்டிக்கு மிகவும் பிடித்தவள் மூத்தவள் பட்கி. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போகிற காட்சிகளில் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரே அப்படி எத்தனை பேர் முன்னால் நின்றிருக்கிறார் என்பதை அப்படியொரு நாளில்தான் அம்மாவிடம் சொன்னார். அம்மா அவருக்கு மருமகளாக வந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை அந்தப் பேச்சு அவர்களுக்குள் வந்ததே இல்லை.

‘ராமாயண்’ வந்தபோது எங்கள் கூடம் பொதுச் சொத்தாகிவிட்டது. 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை, 78 ஞாயிற்றுக்கிழமைப் பகுதிகள். ராமானந்த் சாகரின் தயாரிப்பு. அருண் கோவில் ராமர், தீபிகா சீதை, சுனில் லஹ்ரி லட்சுமணன், அர்விந்த் திரிவேதி ராவணன், தாரா சிங் அனுமன். கீழ்த்தளத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர் உத்தரப் பிரதேசத்தின் அவத் பகுதியைச் சேர்ந்த மூதாட்டி. குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் ‘மாதாஜி’. ஞாயிறு காலையில் குளித்து, தலையில் முக்காடிட்டு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வருவார். பாய் விரித்தால் உட்கார மாட்டார். கொண்டுவந்த சிறு துணியை விரித்து அதில் உட்காருவார். துளசிதாசர் அவதி மொழியில் பாடிய ராமாயணமான ராமசரிதமானஸ் அவருக்கு மனப்பாடம். திரையில் பாட்டு தொடங்கும்போது அவர் உதடுகளும் அசையும்.

பாட்டிக்குக் கம்பராமாயணம். அவருடைய அப்பா கிராமத்தில் கம்பராமாயணப் பிரசங்கம் நடந்தால் ஒரு நாளும் தவறவிடாதவர். மகளைத் தோளில் வைத்துக்கொண்டே போவாராம். ஆகவே பாட்டியிடம் யாரும் ராமாயணத்தைப் புதிதாகச் சொல்லிவிட முடியாது.

மோதல் தொடங்கியது லட்சுமணன் கோடு கிழித்த அன்று. மாரீசனின் குரல் கேட்டு, சீதையின் சுடுசொல் தாங்காமல் லட்சுமணன் புறப்படுகிறான். குடிலைச் சுற்றி அம்பால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறான். பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார். “கோடா? கம்பர் எந்தக் கோட்டையும் பாடவில்லையே. இது எங்கிருந்து வந்தது என்று அந்த அம்மாவைக் கேள்” என்றார். மாதாஜியிடம் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சற்று யோசித்தார். துளசிதாசரும் அந்த இடத்தில் கோட்டைப் பாடவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பின்னால் லங்கா காண்டத்தில், ராமனின் தம்பி கிழித்த கோட்டையே தாண்ட முடியாதவர்தானே நீங்கள் என்று மண்டோதரி ராவணனிடம் சொல்லும் இடத்தை ராகத்தோடு பாடிக் காட்டினார். நான் அதைத் தமிழில் சொன்னேன். பாட்டி விடவில்லை. “மண்டோதரிக்குத் தெரிந்தது கம்பருக்குத் தெரியாமல் போயிற்றா?” என்றார்.

பிறகு ராவணன் சீதையின் கையைப் பிடித்து இழுத்துத் தேரில் ஏற்றிய காட்சி. பாட்டி எழுந்தே விட்டார். கம்பனில் ராவணன் சீதையைத் தொடுவதில்லை. பர்ணசாலையைத் தரையோடு பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறான். இதை நான் இந்தியில் சொன்னபோது மாதாஜி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். “நிலத்தோடா? குடிலோடா?” என்று இரண்டு முறை கேட்டார். அசோகவனத்தில் சீதை எங்கே இருந்தாள், அந்தக் குடிலிலேயா என்று கேட்டார். ஆம், லட்சுமணன் கட்டிய அதே குடிலைத்தான் அனுமன் அங்கே பார்க்கிறான் என்று பாட்டி சொல்ல, நான் சொல்ல, மாதாஜியின் கண்கள் கலங்கின. கணவனின் தம்பி கட்டிக்கொடுத்த கூரை அவளைக் கைவிடவில்லை என்பது அவரை என்னவோ செய்துவிட்டது.

அன்று முதல் தொடர் முடிந்த பிறகும் யாரும் கலையவில்லை. இந்த வாரம் காட்டியது கம்பனில் எப்படி என்று மாதாஜி கேட்பார். துளசியில் எப்படி என்று பாட்டி கேட்பார். இடையில் நான். பள்ளியில் இந்திப் பாடத்தில் படித்த எதையும் விட இந்த ஞாயிறுகளில் நான் கற்றது அதிகம், இரண்டு மொழிகளிலுமே. அம்மா எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டே இருப்பார்.

யுத்தம் முடிந்து சீதை நெருப்பில் இறங்கும் பகுதியில் மட்டும் பேச்சு கடுமையானது. தொடர் துளசிதாசரைப் பின்பற்றியது. உண்மையான சீதை முன்பே அக்னியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தாள், கவர்ந்து செல்லப்பட்டது நிழல் சீதை, அவளைத் திரும்பப் பெறத்தான் இந்தத் தீ என்பது அதன் விளக்கம். மாதாஜிக்கு அது நிம்மதி. பாட்டிக்கு இல்லை. “கம்பர் மறைக்கவில்லை. ராமன் பேசிய சொற்களைச் செவியால் கேட்க முடியாது. ஆனாலும் எழுதினார்” என்றார். அப்போது அம்மா சமையலறை வாசலில் நின்றபடி, எப்படி எழுதினாலும் நெருப்பில் இறங்கியது அவள்தானே என்று சொன்னார். மாமியார் முன்னால் அம்மா அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. பாட்டி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சு.

‘மஹாபாரத்’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பி.ஆர். சோப்ராவின் தயாரிப்பு, ராஹி மாசூம் ராஸாவின் வசனம், 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் வரை 94 பகுதிகள். காலமே கதை சொல்வதாக ஹரீஷ் பீமானியின் குரலில் தொடங்கும். அந்தக் குரலுக்கு மட்டும் என் உதவி வேண்டாம் என்று பாட்டி சொல்லிவிட்டார். கேட்டாலே போதும், புரிகிறது என்றார்.

‘புனியாத்’ வேறு விதமானது. ரமேஷ் சிப்பியும் ஜோதி சரூப்பும் இயக்கியது, எழுத்து மறுபடியும் மனோகர் ஷியாம் ஜோஷி. 1986, 87இல் ஒளிபரப்பானது. லாகூரில் தொடங்கி, பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து தில்லிக்கு வருகிற ஒரு குடும்பத்தின் கதை. அலோக் நாத் மாஸ்டர் ஹவேலிராமாகவும் அனிதா கன்வர் லாஜோவாகவும் நடித்தார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர், எங்களுக்கெல்லாம் ‘பாவுஜி’, 1947இல் லாகூரிலிருந்து வந்தவர். அவர் தன் வீட்டு டிவியை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார். ஏன் என்று அப்போது புரியவில்லை. தன் மகன்கள் முன்னால் கண்ணீர் விட அவருக்கு விருப்பமில்லை என்று பிற்பாடு அப்பா சொன்னார்.

ஒரு நாள் தொடர் முடிந்ததும் அவர் எழுந்து போகவில்லை. தன் தெருவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வீட்டு வாசலில் இருந்த தண்ணீர்க் குழாய், எதிரே இருந்த தையல் கடை, பூட்டிச் சாவியை அக்கம்பக்கத்தாரிடம் கொடுத்துவிட்டு வந்தது, ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று குளிர்காலத் துணிகளைக்கூட எடுக்காமல் வந்தது. பஞ்சாபி கலந்த அந்த இந்தியை நான் பாட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாவியைப் பற்றிச் சொன்னபோது பாட்டி தன் இடுப்பில் செருகியிருந்த கிராமத்து வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து உள்ளே போய் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இப்போதைய கதைக்கு வருகிறேன். பாட்டி இல்லை, மாதாஜியும் பாவுஜியும் இல்லை. அப்பா ஓய்வு பெற்று வெகு காலமாகிறது. அப்பாவும் அம்மாவும் சென்னையில் எங்களோடு இருக்கிறார்கள். என் கணவர் திருநெல்வேலிக்காரர், இந்தி தெரியாது. மகளும் மகனும் பள்ளியில் இந்தி படித்தவர்கள். 2020 மார்ச் 28 அன்று, ஊரடங்கின் தொடக்கத்தில், தூர்தர்ஷன் ‘ராமாயண்’ தொடரை மறுபடி ஒளிபரப்பத் தொடங்கியபோது அப்பாவுக்காகப் போட்டோம். முதல் சில நாட்கள் அப்பா மட்டும் பார்த்தார். அம்மா வந்து போனார். பிள்ளைகள் கைபேசியோடு ஒரு மூலையில். மெதுவாக நகர்கிற காட்சிகளும் நீண்ட பார்வைகளும் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

அதை மாற்றியவர் என் கணவர். “அவர் என்ன சொல்கிறார்?” என்று மகளைக் கேட்டார். அவள் சொன்னாள். அடுத்த வசனத்துக்கும் கேட்டார். சொல்வதற்காக அவள் கவனிக்க வேண்டியிருந்தது, கவனிப்பதற்காகக் கைபேசியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. புரியாத சொற்களை அவள் தாத்தாவிடம் கேட்டாள். தாத்தா விளக்கத் தொடங்கினார். அரைமணி நேரத்தில் கூடத்தில் இருந்த எல்லோரும் ஒரே பேச்சில் இருந்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மாவும் என்னைப் பார்த்தார்.

ஆகவே நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதுதான்: பார்ப்பவர்களில் மொழி தெரியாத ஒருவர் இருந்தால் அவரை விலக்கிவிட்டுப் பார்க்காதீர்கள். துணைத்தலைப்பு இருந்தாலும் அணைத்துவிடுங்கள். வீட்டில் இளையவர் யாரோ அவரிடம் கதை சொல்லும் பொறுப்பைக் கொடுங்கள். தானாக உருவாகும் துணைத்தலைப்புகள் பழைய உச்சரிப்பிலும் பெயர்களிலும் தடுமாறுகின்றன. பத்து வயதுப் பிள்ளை சொல்கிற கதை அதைவிடப் பல மடங்கு மேல். எல்லோருக்கும் இந்தி தெரிந்த வீடு என்றால், அந்தக் காலச் சூழல் தெரியாத ஒருவர் இருப்பார், அவருக்குப் பெரியவர்கள் சொல்லலாம். தொலைபேசி இணைப்புக்கு ஏன் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள், கதாநாயகி ஏன் ரேஷன் கார்டைப் பத்திரமாக வைக்கிறாள் என்பதையெல்லாம் இன்று பிறந்தவர்களுக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது, ஒரே மூச்சில் பல பகுதிகள் பார்க்காமல் இருப்பது. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அந்தத் தொடர்கள் ஒரு வாரம் காத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. முந்தைய கதையை நினைவூட்டும் வசனங்கள், முடிவில் ஒரு முகத்தில் நிற்கும் கேமரா, எல்லாம் அந்த இடைவெளியை நம்பியே செய்யப்பட்டவை. தொடர்ந்து பார்த்தால் அவை சலிப்பூட்டும். நாங்கள் ஞாயிறு காலை ஒன்று, புதன் இரவு ஒன்று என்று வைத்திருக்கிறோம். தானாக அடுத்த பகுதிக்குப் போகும் வசதியை அணைத்து வைத்திருக்கிறோம். முடிந்ததும் திரை கறுப்பாகிவிட வேண்டும். அப்போதுதான் யாராவது வாய் திறப்பார்கள்.

எதைப் பார்ப்பது என்பதில் அவசரம் வேண்டாம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நீண்ட தொடரை முதலில் எடுக்காதீர்கள். ‘மால்குடி டேஸ்’ நல்ல தொடக்கம். பெரும்பாலான கதைகள் அரைமணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆர்.கே. நாராயணின் கதைகள், இயக்கம் சங்கர் நாக், படப்பிடிப்பு கர்நாடகத்தின் ஆகும்பே கிராமத்தில், எல்.வைத்தியநாதனின் இசை, ஆர்.கே. லட்சுமணின் கோட்டோவியங்கள். கிரீஷ் கர்னாட் சுவாமியின் அப்பாவாக வருவார். இந்தித் தொடர் என்று சொன்னாலும் திண்ணையும் வேட்டியும் குடுமியும் பார்த்த என் கணவருக்கு அது சொந்த ஊர் மாதிரி இருந்தது. சிரிக்க வேண்டும் என்றால் ‘யே ஜோ ஹை ஜிந்தகி’. சதீஷ் ஷா ஒவ்வொரு பகுதியிலும் வேறு வேறு ஆளாக வருவார், இன்று யாராக வரப்போகிறார் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள். துப்பறியும் கதைக்கு பாசு சாட்டர்ஜி இயக்கி 1993இல் வந்த ‘ப்யோம்கேஷ் பக்ஷி’. ரஜித் கபூர் அமைதியாக உட்கார்ந்து யோசிக்கும் காட்சிகளில் என் மகன் கூடவே யோசிக்கிறான். இதற்கு ஒரு நிபந்தனை: முடிவு நினைவிருக்கும் பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

நடுத்தரக் குடும்பத்தின் அன்றாடம் பார்க்க ‘வாக்லே கி துனியா’. ஆர்.கே. லட்சுமணின் பாத்திரங்களை ஒட்டியது, அஞ்சன் ஸ்ரீவாஸ்தவும் பாரதி ஆச்ரேகரும் கணவன் மனைவியாக வருவார்கள். சம்பளத்தை எண்ணி உறைகளில் பிரித்து வைக்கிற குடும்பங்களில் வளர்ந்தவர்கள் யாரும் அதைப் பார்த்துச் சும்மா இருக்க மாட்டார்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் முதல் டிவி வாங்கிய கதையைச் சொன்னார். அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்து வாங்கியது. அந்தக் கடனுக்காக எங்கள் யாருக்கும் தெரியாமல் பஸ்ஸை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு நடந்தே போய் வந்திருக்கிறார். இத்தனை காலம் கழித்துத்தான் அம்மாவுக்கே அது தெரிந்தது.

எங்கே பார்ப்பது என்றால், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் அதிகாரப்பூர்வ யூடியூப் பக்கங்களில் பல தொடர்கள் இருக்கின்றன. 2024 நவம்பரில் பிரசார் பாரதி ‘வேவ்ஸ்’ என்ற தன் ஓடிடி தளத்தையும் தொடங்கியது. வேறு இடங்களில் கிடைக்கும் பிரதிகளில் சில பகுதிகள் விடுபட்டிருக்கும், சிலவற்றில் பாடல்களும் முகப்பும் வெட்டப்பட்டிருக்கும். முதல் பகுதியைத் தொடங்குவதற்கு முன்பே வரிசை முழுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கதையில் ஆழ்ந்துவிட்ட முதியவரிடம் நடுவில் மூன்று பகுதிகள் இல்லை என்று சொல்வது கொடுமை.

படமும் ஒலியும் சிறிய விஷயங்கள் போலத் தோன்றும். முதியவர்களோடு பார்க்கும்போது அவைதான் பெரிய விஷயங்கள். அந்தக் காலப் படம் நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டது. இன்றைய அகலத் திரையில் அதை இழுத்து நிரப்பினால் முகங்கள் உப்பிவிடும். அப்பா, “இது அசோக் குமார் இல்லையே” என்றார். டிவியின் பட அமைப்பில் 4:3 என்று மாற்றியதும் அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும். ஒலியைப் பொறுத்தவரை, தட்டையான டிவிகளில் ஒலிபெருக்கி பெரும்பாலும் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோதான் பார்த்திருக்கும். வயதான காதுக்கு வசனம் கலங்கிக் கேட்கும். சத்தத்தைக் கூட்டினால் இசைதான் இரையும், பேச்சு தெளிவாகாது. அப்பாவின் நாற்காலிக்கு எதிரே, காது உயரத்தில் ஒரு சிறு ஒலிபெருக்கியை வைத்தோம். புளூடூத்தில் உதட்டசைவுக்கும் பேச்சுக்கும் இடைவெளி வந்ததால் கம்பி வழியாக இணைத்தோம். ஒலி அமைப்பில் பேச்சுக்கு முதன்மை தரும் தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

கேள்வி கேட்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். தொடர் ஓடும்போது நிறுத்தி நிறுத்திக் கேட்டால் பெரியவர்கள் எரிச்சலடைவார்கள். முடிந்த பிறகு கேளுங்கள். “உங்களுக்கு இந்தத் தொடர் நினைவிருக்கிறதா?” என்று கேட்டால் ஆம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “அப்போது நாற்காலியில் யார் உட்காருவார்கள், தரையில் யார்?” என்று கேட்டுப் பாருங்கள். யார் எழுந்து மாடிக்குப் போய் ஆன்டெனாவைத் திருப்புவார்கள், மின்சாரம் போனால் யார் வீட்டுக்கு ஓடுவீர்கள், யார் பாதியில் தூங்கிவிடுவார்கள் என்று கேளுங்கள். ஆட்களும் அறைகளும் நினைவுக்கு வந்தால் மற்றவை தாமாக வரும். அவர்கள் சம்மதித்தால் கைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். பதிவுக்கு உடனே பெயர் வையுங்கள்: யார் பேசுகிறார், எதைப் பற்றி, எந்தத் தேதி. ‘புதிய பதிவு’ என்றே கிடக்கும் கோப்பை நாளை யாரும் தேடி எடுக்க முடியாது. என்னிடம் பாட்டியின் குரல் ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

பழைய தொடர்களில் இன்று உறுத்துகிற இடங்கள் நிறைய. அடி வாங்கியும் பேசாமல் நிற்கும் மனைவிகள், நிறத்தை வைத்து வரும் சிரிப்பு, எல்லாவற்றையும் பெண் பொறுத்துப் போவதே சிறப்பு என்னும் முடிவுகள். அந்த இடங்களைத் தள்ளி ஓட்டிவிடாதீர்கள். என் மகள் ‘ஹம் லோக்’ பகவந்தியைப் பார்த்து, “இந்த அம்மா ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை?” என்று கோபமாகக் கேட்டாள். எங்கே போவாள், கையில் என்ன இருந்தது, யார் சேர்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அம்மா பதில் சொல்ல ஆரம்பித்து, தன் தங்கையின் வாழ்க்கையைச் சொல்லி முடித்தார். அக்னிப் பிரவேசம் வந்தபோது கம்பனில் எப்படி, துளசியில் எப்படி என்று நான் சொன்னேன். அம்மா சமையலறை வாசலில் நின்று சொன்னதையும் சொன்னேன். “பாட்டி, நீங்களா சொன்னீர்கள்?” என்று மகள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாத் தொடரையும் எல்லோரோடும் பார்க்க முடியாது. பீஷ்ம சாஹ்னியின் நாவலை கோவிந்த் நிஹலானி இயக்கி 1988இல் வந்த ‘தமஸ்’, பிரிவினைக் கலவரத்தை நேராகக் காட்டுவது. அதைத் தடுக்க உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது, நீதிமன்றம் ஒளிபரப்பை அனுமதித்தது. பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று அதை நானும் அப்பாவும் மட்டும் பார்த்தோம். ‘புனியாத்’ போட்டபோது, பாவுஜியின் நினைவு வந்து அப்பா பாதியில் போதும் என்றார். அதோடு நிறுத்திவிட்டோம். முதியவர் ஒருவர் போதும் என்றால் ஏன் என்று துருவாதீர்கள். வேறு ஒன்றைப் போடுங்கள். அவருக்குத் தோன்றும்போது அவரே கேட்பார்.

இப்போது ‘பாரத் ஏக் கோஜ்’ பார்த்துக்கொண்டிருக்கிறோம். நேருவின் நூலை வைத்து ஷியாம் பெனகல் எடுத்த 53 பகுதிகள், முதல் ஒளிபரப்பு 1988இல். ரோஷன் சேத் நேருவாக வந்து பேசுவார், ஓம் பூரியின் குரல் கதை சொல்லும். படைப்புக்கு முன் என்ன இருந்தது என்று கேட்கும் ரிக்வேத சூக்தத்தை வன்ராஜ் பாட்டியா இசையமைத்த அந்த முகப்புக்காகவே என் மகன் ஓடி வந்து உட்காருகிறான். சங்க காலமும் சிலப்பதிகாரமும் அதில் இடம்பெறுகின்றன, சோழர்களும் வருகிறார்கள். கண்ணகி பாண்டியன் அவையில் இந்தியில் வழக்குரைத்த பகுதியை நாங்கள் பார்த்தபோது வேலை தலைகீழானது. என் கணவருக்கு அந்த இடம் பள்ளிப் பாடத்திலேயே மனப்பாடம். திரையில் வருவதற்கு முன்பே அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தச் சிலம்பில் முத்து, எதில் மாணிக்கம், பாண்டியன் ஏன் அரியணையிலேயே உயிர்விட்டான் என்று எல்லாம். தில்லியில் வளர்ந்த எனக்கும் பாதி புதிதாக இருந்தது. அடுத்த ஞாயிறு மூலநூலை எடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்ப்பதாக மகளும் அவரும் முடிவு செய்திருக்கிறார்கள். அப்பாவோ அது முடிந்ததும் ‘கரம்சந்த்’ வேண்டும், கேரட் தின்றுகொண்டே துப்பறியும் பங்கஜ் கபூரைப் பிள்ளைகள் பார்த்தே ஆக வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.